பதினேழாம் வாய்ப்பாடு

நனைத்த பஞ்சை வைத்து எவ்வளவு தேய்த்தும் அப்பாவின் நடுவிரலில் இருந்த நீலக் கறை போகவில்லை. நகத்தின் ஓரத்தில் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். அவள் பஞ்சைச் சோப்பு நீரில் முக்கி மறுபடியும் தேய்த்தாள். நேற்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததிலிருந்து அவள் ஏதாவது ஒன்றைத் துடைத்துக்கொண்டேதான் இருக்கிறாள். மேசை, சன்னல் கம்பி, யாரோ சிந்திய காப்பி, இப்போது அப்பாவின் விரல்.

"விடு, போதும்," என்றாள் அம்மா. இஸ்திரி போட்டு மடித்த வெள்ளைச் சட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு கதவருகில் நின்றாள். "நாப்பது வருஷமாப் போகாத மை. இன்னிக்கு உனக்காகப் போயிடுமா?"

"புது மை மாதிரி இருக்கேம்மா. இன்னும் எழுதிட்டிருந்தாரா?"

"எழுதிட்டேதான் போனார். பேனாவைக் கையிலேர்ந்து உருவி மூடி வெச்சது நான்தான்." அம்மா சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "காப்பி ஆறுதுன்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன். பதில் இல்ல. கணக்குல இருக்கார், திட்டுவார்னு மூணாவது தரம் கூப்பிடாம இருந்துட்டேன்."

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அறுபத்தெட்டு வயது. வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னாராம்.

இருவருமாகச் சேர்ந்து சட்டையைப் போட்டுவிட்டார்கள். கையை நுழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அம்மா காலரைச் சரிசெய்துவிட்டு, "கடைசில ரொம்பப் பயந்துட்டிருந்தார்," என்றாள்.

"எதுக்கு?"

"மூளை கலங்குதுன்னு. ரெண்டு மாசமா இதே பேச்சு. தனியா வெளிய போகமாட்டேன்னுட்டார். பக்கத்து வீட்டு மோட்டார் ரிப்பேர்னு கூப்பிட்டாங்க, ஒயரை மாத்திக் கொடுத்துட்டா யார் பதில் சொல்றதுன்னு போகல. அடுப்பை அணைச்சோமான்னு நான் பார்த்ததையே திரும்பப் போய்ப் பார்ப்பார்."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"சொல்லக்கூடாதுன்னுட்டார். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டார், உங்கப்பா சொன்னார். நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னார், மடமடன்னு ரெண்டு வரைக்கும் வந்துட்டார். உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. வழியெல்லாம் திட்டிட்டே வந்தார். நூறுலேர்ந்து ஏழு கழிக்க எவனுக்கு வராது, இவரெல்லாம் ஒரு டாக்டரான்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. என்னவோ ஒன்று உள்ளே நெருடியது. அது என்னவென்று தெரிவதற்குள் வாசலில் செருப்புகளின் சத்தம் கேட்டது.

அப்பா வேலை பார்த்த பம்ப் ஹவுஸ்காரர்கள் வந்திருந்தார்கள். ஐந்து பேர். முன்னால் ஃபிட்டர் மாமா. முப்பது வருடம் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர், இடது காது சுத்தமாகக் கேட்காது. மோட்டார் பக்கம் உட்கார்ந்த காது அது.

"பாப்பா," என்றார். அவளுக்கு நாற்பத்துநாலு வயது. மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறாள். அவர் வாயில் இன்னும் பாப்பாதான். "மீதி போயிட்டாரே, பாப்பா."

அப்பாவுக்கு அங்கே அதுதான் பெயர். திங்கட்கிழமை காலையில் உள்ளே நுழைந்ததும் "அண்ணே, இந்த வாரம் மீதி எவ்வளவு?" என்று யாராவது கேட்பார்கள். அப்பாவும் ஒரு எண்ணைச் சொல்லுவார். கேட்டவர் பெரிய விஷயம் தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் அந்த மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு திருகியிருந்தது. அதில் 78976187 என்று குத்தியிருந்தது. அப்பாவுடைய வேலை, மணிக்கொரு முறை அழுத்தத்தைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது. எழுத ஐந்து நிமிடம் ஆகும். மீதி ஐம்பத்தைந்து நிமிடமும் எதிரில் அந்த எண். ஏழு கோடியே எண்பத்தொன்பது லட்சத்து எழுபத்தாறாயிரத்து நூற்றெண்பத்தேழு என்று வாய் நிறையச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு ஒருநாள், இதை எந்த எண்ணாவது மீதியில்லாமல் வகுக்குமா என்று யோசித்திருக்கிறார். அதுதான் ஆரம்பம்.

ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத எண் பகா எண். 78976187 பகா எண்தானா என்று பார்க்க, அதைவிடச் சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போகவேண்டும். எல்லாவற்றாலும் வேண்டாம், அதன் வர்க்கமூலம் வரைக்கும் போனால் போதும். அதுவே எட்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். அதுவரை ஆயிரத்து நூறுக்குமேல் பகா எண்கள் இருக்கின்றன. அப்பா முதலில் அந்தப் பட்டியலைத் தானே தயாரித்தார், அதற்கே ஒரு வருடம் ஓடியது. அப்புறம் வாரத்துக்கு ஒன்று என்று விதி வைத்துக்கொண்டார். கால்குலேட்டரைத் தொடுவதில்லை. வகுத்து, திரும்பப் பெருக்கிப் பார்த்து, மீதியை நோட்டில் ஏற்றுவார். ஏன் வாரத்துக்கு ஒன்று என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கேட்டபோது, "சீக்கிரம் முடிஞ்சுட்டா அப்புறம் என்ன பண்றதாம்?" என்றார்.

"பாப்பா, ஒரு விஷயம்," ஃபிட்டர் மாமா நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "ரிட்டையர் ஆனப்ப அந்தத் தகட்டைக் கழட்டி அவர்கிட்ட கொடுத்தோம்ல, அது பெட்டிக்குள்ள அவரோட போகணும்னு எங்களுக்கு ஆசை. அப்புறம் மண்ணு போடறதுக்கு முன்னாடி நான் நாலு வார்த்தை பேசலாம்னு இருக்கேன். அன்னிக்கு அவர் மேடையில சொன்னதையே சொல்லப்போறேன். 'இந்த நம்பரை எதாலயும் வகுக்க முடியாது, என் பொண்ணே கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துச் சொல்லிட்டா'ன்னாரே. அந்த மனுஷன் முகம் அன்னிக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நீதான் வரலையே."

"ஆமா மாமா. பரீட்சை நேரம்."

"நீ பக்கத்துல நிக்கணும், பாப்பா. நான் தப்பா ஏதாவது சொல்லிட்டா எடுத்துக் கொடு."

தகட்டை எடுத்து வருகிறேன் என்று சொல்லி அவள் உள்ளே போனாள். காதெல்லாம் சூடாக இருந்தது. எட்டு வருடமாக இந்தச் சூடு அவளுக்குப் பழக்கம். அப்பா யாரிடமாவது "என் பொண்ணு பார்த்துச் சொன்னது" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அவள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அடக்கம் என்று அப்பா நினைத்துக்கொள்வார்.

அவள் பார்க்கவே இல்லை.

ரிட்டையர் ஆவதற்கு மூன்று நாள் முன்பு அப்பா போன் செய்திருந்தார். அப்போது நோட்டில் அறுநூறு பகா எண்கள் முடிந்திருந்தன. "டீச்சரம்மா, மிச்சத்தை முடிக்கறதுக்குள்ள மோட்டாரையே கழட்டிடுவாங்க போலிருக்கு. நீ ஒருதடவை கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துச் சொல்லும்மா. விழாவுல சொல்லணும்." அவள் சரி என்றாள், மறந்துபோனாள். விழா அன்று காலை மறுபடி போன் வந்தது. ஆசிரியர் அறையில் அவள் முன்னால் விடைத்தாள் கட்டு, பக்கத்தில் தலைமையாசிரியர். ஒரு நிமிட வேலை அது. ஒரு நிமிடம்கூட வேண்டாம். "பார்த்துட்டேன்பா, பகா எண்தான்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அறுநூறு எண்ணால் வகுபடாதது இனி எதால் வகுபடப்போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சரிபார்க்காமல் விடை எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்து, ஓரத்தில் சிவப்பு மையில் 'சரிபார்த்தல் எங்கே?' என்று எழுதுகிறவள் அவள். அன்றும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்பா அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அவர் விடவில்லை. வாரத்துக்கு ஒன்று தொடர்ந்தார். "வகுபடாதுன்னு தெரிஞ்சப்புறம் வகுக்கறது ரொம்ப நிம்மதியா இருக்கும்மா," என்று ஒருமுறை சொன்னார். அவளும் சிரித்தாள்.

மேசை இழுப்பறையில் தகடு, பழைய பனியன் துணியில் சுற்றி இருந்தது. பித்தளை பளபளவென்று இருந்தது. அதன் கீழே நோட்டுகள். மேசை மேல், மூடிய பேனாவுக்குப் பக்கத்தில் கடைசி நோட்டு. அவள் தகட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நோட்டைத் திறந்தாள்.

பாதி நோட்டு வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. வாரம் ஒரு பக்கம், மேலே தேதி, கீழே கட்டம் போட்டு மீதி. 7901. அடுத்த பக்கம் 7907, மீதி 1071. அதற்கடுத்த பக்கத்தில் 7919. ஓரத்தில் அப்பா சந்தோஷமாக 'ஆயிரமாவது!' என்று எழுதியிருந்தார். கட்டத்துக்குள் மீதி 0.

அவள் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது.

அடுத்த பக்கமும் 7919. அடுத்ததும். வாரத்துக்கு ஒன்று என்ற விதி போயே போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், சில நாள் இரண்டு தடவையும் போட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் ஈவு 9973, மீதி 0. பெருக்கிப் பார்த்திருக்கிறார். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். பன்னிரண்டாவது பக்கத்தின் கீழே சின்னதாக எழுதியிருந்தது: 'பெருக்கினாலும் சரியாக வருகிறது. ஆனால் பெண் பார்த்துச் சொன்னது. பிழை என்னிடம்தான்.' இருபதாவது பக்கத்தில்: 'எங்கே தவறுகிறேன் என்று தெரியவில்லை. யாரிடமும் காட்டவேண்டாம்.'

இரண்டு மாதத்துக்கு முன் வந்த போன் அவளுக்கு நினைவுக்கு வந்தது. "டீச்சரம்மா, அன்னிக்கு அந்த நம்பரை முழுசாத்தான போட்ட? ஒரு இலக்கம்கூட மாறலையே?" அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். எரிச்சலாக வந்தது, எரிச்சலைவிட அதிகமாகப் பயம் வந்தது. "எட்டு வருஷம் கழிச்சு என்னப்பா இது? சரியாத்தான் போட்டேன்," என்றாள். அப்பா மெதுவாகச் சொன்னார். "சரிம்மா. நீ போட்டா சரியாத்தான் இருக்கும். நமக்குத்தான் வயசாவுது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையில் போன் இருந்தது, எடுக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, நோட்டின் பின்னட்டையில் கையாலேயே வகுத்தாள். 78976-இல் 7919 ஒன்பது முறை. மீதி 7705. ஒன்றை இறக்கினால் 77051, மறுபடியும் ஒன்பது. மீதி 5780. எட்டை இறக்கினாள். ஏழு முறை, மீதி 2375. கடைசி ஏழை இறக்கினால் 23757. மூன்று முறை. மூன்று முறைக்கு மிகச்சரியாக 23757.

மீதி ஒன்றுமில்லை. அப்பா போட்டது அத்தனையும் சரி.

வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்து அறையில் படுத்திருக்கிற மனிதர் எழுந்து வந்துவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தாள். அப்படி வந்தால் எப்படி முகத்தில் விழிப்பது என்றுதான் முதலில் தோன்றியது, வரட்டும் என்று தோன்றவில்லை. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

"தகடு கிடைச்சுதா?" அம்மா உள்ளே வந்தாள். "வண்டி பன்னண்டுக்கு வந்துடும்."

"அம்மா, அப்பாவுக்கு மூளை ஒண்ணும் கலங்கல."

"அதான் டாக்டரே சொன்னாரே."

"டாக்டர் சொன்னது இல்லம்மா. இதைப் பாரு." அம்மாவுக்கு எதுவும் புரியாது என்று தெரிந்தும் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "இந்த நம்பரை வகுக்கற எண்ணை அவர் கண்டுபிடிச்சுட்டார். கையாலேயே போட்டு. சரியாப் போட்டிருக்கார். நான்தான் வகுக்காதுன்னு சொல்லிட்டேன். அதனால தனக்குத்தான் கணக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சுட்டார்."

"நீ கம்ப்யூட்டர்ல பார்த்தியே."

"பார்க்கலம்மா."

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ரெண்டு மாசம் முன்னாடி போன் பண்ணிக் கேட்டாரே, அப்ப?"

"அப்பவும் பார்க்கல."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அம்மா முந்தைய நாள் துவைத்து மடித்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றாள். "போனை வெச்சுட்டு, பொண்ணு சொல்லிட்டா, நமக்குத்தான் போச்சுன்னார். அன்னிக்குத்தான் வீட்டுச் சாவியை எடுத்து என் கையில கொடுத்தார்."

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி," என்றாள் அம்மா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எப்போதும் காய் வாங்க மறந்தால் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

ஃபிட்டர் மாமா எப்போது வந்து கதவருகில் நின்றார் என்று தெரியவில்லை. எவ்வளவு கேட்டது என்றும் தெரியவில்லை. முக்கால்வாசி கேட்டிருக்கும்போல.

"அப்ப நான் அங்க என்னத்தைச் சொல்றது, பாப்பா?"

"நான் சொல்றேன் மாமா."

"என்னன்னு?"

"இதை ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது வகுக்கும். அப்பாதான் கண்டுபிடிச்சார், ஆயிரமாவது தடவையில. பொண்ணு பார்க்காமலேயே பார்த்தேன்னு சொன்னா. அப்படின்னு சொல்றேன்."

அவர் நல்ல காதைத் தடவிக்கொண்டார். "வேணாம் பாப்பா. போனவருக்கு இனிமே என்ன ஆகப்போவுது? ஊரே கைதட்டுன விஷயம். உன் ஸ்கூல்லேர்ந்தும் ஆளுங்க வருவாங்கன்னு சொன்னியே. நான் நம்பரைப் பத்திப் பேசவே இல்ல, விடு. நல்ல மனுஷன்னு சொல்லி முடிச்சுக்கறேன்."

அவளுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. நோட்டை மூடி இழுப்பறையில் வைத்துவிட்டால் போதும். நோட்டைத் திறந்து பார்க்க இனி யாருக்கும் அக்கறை இல்லை. தலைமையாசிரியர் வரப்போகிறார், கணக்குத் துறையே வரப்போகிறது. அவர்கள் முன்னால் நின்று அந்த வார்த்தைகளைச் சொல்லவேண்டும்.

"நானே சொல்றேன் மாமா," என்றாள் மறுபடியும். "கணக்குத் தெரியாமப் போச்சுன்னு நினைச்சுட்டே போயிருக்கார்."

ஃபிட்டர் மாமா தகட்டை வாங்கிக்கொண்டார். பனியன் துணியால் அதை ஒருமுறை துடைத்தார். "மூணு வாரத்துக்கு முன்ன வந்து பார்த்தேன்," என்றார். "மீதி எவ்வளவு அண்ணேன்னு எப்பவும்போலக் கேட்டேன். ஒண்ணும் சொல்லல. உடம்பு சரியில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்." அப்படியே திரும்பி நடந்து போனார்.

அவள் நோட்டை மேசை மேல் வைத்து, முதல் 7919-ஐத் திறந்து, மீதிக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சரி போட்டாள். அடுத்த பக்கத்தில் ஒன்று. போகிற போக்கில் போடவில்லை, ஒவ்வொரு வரியாகக் கழித்துப் பார்த்துவிட்டே போட்டாள். நாற்பத்தொரு தடவை போட்டிருந்தார் அப்பா. ஒரு இடத்திலாவது கை தவறியிருக்கும் என்று பார்த்தால், இல்லை. முப்பதுக்கு மேல் எழுத்து மட்டும் நடுங்கியிருந்தது.

நாற்பத்தொன்று முடிந்த பிறகு வேறு ஒன்று இருந்தது. பக்கத்தின் தலைப்பில் 'அடிப்படையிலிருந்து பார்க்கவேண்டும்' என்று எழுதி, அப்பா வாய்ப்பாடு எழுத ஆரம்பித்திருந்தார். இரண்டாம் வாய்ப்பாடு. இரண்டு ஒன்று இரண்டு, இரண்டு இரண்டு நான்கு. மூன்றாம் வாய்ப்பாடு. நான்காம் வாய்ப்பாடு. எங்கே உடைந்தது என்று தேடிக்கொண்டே, குழந்தை எழுதுவதுபோல் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தார். அவளுக்குக் கண்ணில் எழுத்து கலங்கியது. துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் சரி போட்டாள்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ பெட்டியை இறக்க ஆள் கூப்பிட்டார்கள்.

பதினாறு முடிந்தது. பதினேழாம் வாய்ப்பாட்டில் 17 × 6 = 102 வரை இருந்தது. அதற்குச் சரி போட்டாள். அடுத்த வரியில் 17 × 7 = என்று மட்டும் இருந்தது. சமக்குறியின் கடைசியிலிருந்து ஒரு நீலக் கோடு சாய்ந்து கீழே இறங்கி, தாளின் ஓரம் வரை போயிருந்தது.

சிவப்புப் பேனா அந்த இடத்தில் நின்றது. அம்மா எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. கண்ணாடி இல்லாமல், குனிந்து, அந்த வரியைப் பார்த்தாள்.

"நூத்திப் பத்தொம்பது," என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கிப் பெட்டிக்கு வழி விடப் போனாள்.

அவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு அப்பாவின் பேனாவை எடுத்தாள். அது கசிந்தது. அந்த வரியை எழுதி முடித்தபோது நடுவிரலில் நீலம் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளாமல், நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.